அச்செழுத்தின் வரலாறு – 14: தாமுவேயில் நின்று பார்த்த கொட்டை எழுத்து

சென்ற பகுதியில், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த தமிழ் எழுத்துகள் உருவத்தில் மிகப் பெரியனவாக இருந்தமையால், காகிதம் கட்டுப்படியாகாமல், சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொள்ள நேர்ந்த வரலாற்றைக் கண்டோம். எழுத்தைச் சிறிதாக்குவதற்காகத் தமிழ் அச்சுலகம் அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு செய்த பிரயத்தனத்தின் சிகரம் என்று, சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் 1862இல் அச்சிட்டு முடித்த வின்ஸ்லோ அகராதியைச் சொல்லலாம். இப்பகுதியில் சொல்லப்புகுவதோ இதற்கு நேர்மாறான பிரயாணத்தின் கதை. எழுத்து மீண்டும் பெரிதாகி, தடித்து, அதே சமயத்தில் பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, புத்தகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. அக்கதையைச் சென்னையிலிருந்து சொல்லாமல் ரங்கூனிலிருந்து, அதிலும் அந்நகரின் வடகிழக்கே, சைக்கசான் குதிரைப் பந்தய மைதானத்தைத் தன் எல்லைக்குள் உடையதும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவருவதுமான தாமுவேயிலிருந்து சொல்ல விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஓர் எழுத்தின் உண்மையான ஆயுளை, புதிய எழுத்துகள் நினைத்த மாத்திரத்தில் கிடைக்கும் ஊரைக் காட்டிலும், கடல் தாண்டி அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டிய ஊரே நமக்கு நன்கு அறிவிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பர்மிய மண்ணுக்குத் தடித்த எழுத்து அந்நியமானதன்று. பிக்ஷுக்களின் உபசம்பதைச் சடங்கில் ஓதப்படும் கம்மவாசை என்னும் பாலி ஏடுகளைக் காட்சிச்சாலைகளில் பார்த்தவர்கள், அரக்கேற்றிப் பொன் பூசிய ஏட்டின்மேல் அகன்ற கோடுகளாய், சதுரமாய், கன்னங்கரேலென்று எழுந்து நிற்கும் அந்த லிபியின் கம்பீரத்தை மறந்திருக்க மாட்டார்கள். புளியங்கொட்டை எழுத்து என்று பர்மியர் அதனை வழங்குகின்றனர். ஆயினும் அது சந்நிதிக்குரிய எழுத்தேயன்றிச் சந்தைக்குரிய எழுத்தன்று. அன்றாட வழக்கில் பர்மியரும் நம்மைப் போலவே ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறியவர்கள். கீறலில் தடிப்பு, மெலிவு என்னும் பேதம் பிறப்பதில்லை. 1776இல் ரோமாபுரியில் பர்மிய அரிச்சுவடி அச்சான காலத்திலும், 1816இல் ஜார்ஜ் ஹஃப் என்னும் அமெரிக்க அச்சாளர், செராம்பூர் மிஷனார் அன்பளிப்பாகத் தந்த அச்சுப் பொறியோடும் பர்மிய எழுத்துகளோடும் ரங்கூன் துறையில் வந்திறங்கிய காலத்திலும், அச்சில் ஏறியவை ஓலையின் சாயல் நீங்காத வட்ட எழுத்துகளே. ஓதுவதற்கும் போதிப்பதற்கும் அவை போதுமானவையாக இருந்தன. தூரத்தில் நடந்து போகிறவனை நிறுத்தி அழைக்கும் அவசியம் அப்போது அச்சுக்கு நேரவில்லை.

அந்த அவசியம் முதலில் நேர்ந்த இடங்கள் லண்டனும் நியூயார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரிச் சீட்டுக்காரரும் நாடகக் கொட்டகைக்காரரும் கப்பல் கம்பெனியாரும் ஒருவரையொருவர் மிஞ்சிச் சுவர்களில் கூவத் தொடங்கியபோது, எழுத்து வார்ப்போர் முன்னறியாத கனத்தில் எழுத்துகளைச் செய்தார்கள். தடித்த எழுத்து இடத்தை விழுங்கும். காகிதத்தின் அகலமோ வளராது. ஆகவே தடிப்பைக் குறைக்காமல் அகலத்தை மட்டும் குறைத்து, உயரத்தை ஓங்கவிட்ட ஒடுங்கிய எழுத்துகள் தோன்றின. இவற்றை ஈயத்தில் வார்ப்பது மிகவும் சிரமம். பெரிய எழுத்தின் முகம் ஆறும்போது சமமாக இறுகாமல் நடுவே குழிந்துவிடும், பாரமும் தாங்க முடியாது, விலையும் அப்படியே. 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர், சுழலும் உளியைக் கொண்டு மரத்தில் எழுத்துகளை வேகமாகக் குடையும் முறையைக் கண்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த், ஒரே மாதிரியைப் பார்த்துப் பல அளவுகளில் எழுத்தை வெட்டித் தரும் கருவியை அதனோடு இணைத்தார். நாரின் குறுக்கே அறுத்த மேப்பிள் மரத் துண்டுகள், ஈயத்தைக் காட்டிலும் இலேசாகவும், அழுத்தத்தைத் தாங்கக்கூடியனவாகவும், விலையில் மலிவாகவும் அமைந்தன. 1880இல் விஸ்கான்சின் மாகாணத்துச் சிற்றூரான டூ ரிவர்ஸில் தொடங்கிய ஹாமில்டன் தொழிற்சாலை, சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதற்கும் மர எழுத்துகளைத் தரும் ஸ்தாபனமாயிற்று. இன்று ‘பழைய காலத்து எழுத்து’ என்று சொன்னவுடனே நம் மனக்கண்முன் தோன்றும் நெடிய, கரிய, ஓரங்கள் மழுங்கிய உருவம் அங்கே உற்பத்தியானதுதான்.

தமிழ்நாட்டு அச்சகங்களிலும் மர எழுத்துகள் புகுந்தன. சுவரொட்டிக்கும் நாடக நோட்டீசுக்கும் அவையே ஆதாரமாயின. ஆனால், ஆங்கில எழுத்தை ஒடுக்குவதும் தமிழ் எழுத்தை ஒடுக்குவதும் ஒன்றல்ல. ஆங்கிலச் சுவரொட்டிக்கு 26 பெரிய எழுத்துகளும் எண்களும் இருந்தால் காரியம் நடந்துவிடும். தமிழுக்கோ மெய் 18க்கும் அகர உரு, புள்ளியுரு, இகர, ஈகார, உகர, ஊகாரம் ஏறிய உருக்கள் என்று ஆறாறாக வைத்தால் 108, உயிர் 12, ஆய்தம் 1, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என 4, ஆக 125. பழைய முறையில் கூட்டெழுத்தாய் நின்ற ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்னும் 7ஐயும் சேர்த்தால் 132. கிரந்த எழுத்துகள் இதற்கு மேல். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு சொல்லில் இரண்டு, மூன்று முறை வரக்கூடும் என்பதால், ஒரே அளவில் ஒரே வடிவத்தில் ஒரு முழுமையான தொகுதி வைத்திருக்க எத்தனை நூறு மரத்துண்டுகள் வேண்டும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அச்சகத்தார் ஒவ்வோர் எழுத்திலும் ஒன்றோ இரண்டோ வாங்கிவைத்தார்கள். குறைந்த இடத்தில் வேறு வடிவத்து எழுத்தை நுழைத்தார்கள். பழைய நோட்டீசுகளில் ஒரே சொல்லுக்குள் நெட்டையும் குட்டையுமாக எழுத்துகள் நிற்பதைக் கண்டு கம்பாசிட்டரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டுவோர், அவன் எதிரே இருந்த எழுத்துப் பெட்டியின் வறுமையை எண்ணிப் பார்க்கவில்லை.

உருவத்தில் உள்ள சிரமமோ இதனினும் பெரிது. இருபது அங்குல அகலமுள்ள டபிள் கிரவுன் தாளில் ‘பவளக்கொடி’ என்று ஒரே வரியில் போட வேண்டுமானால், ‘கொ’ என்ற ஓரெழுத்துக்கே கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளுக்கு இடம் விட வேண்டியிருக்கிறது. ‘வள்ளி திருமணம்’ என்றால் மூன்று சுழி ணகரம் தன் அகலத்தைக் கேட்கிறது. எழுத்தை ஒடுக்கத் தொடங்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெளி சுருங்குகிறது. கோட்டைத் தடிக்கச் செய்தால் அந்த வெளி அடைபட்டே போகிறது. அதன்மேல் மையும் அழுத்தமும் சேர்ந்தால் ணகரமும் னகரமும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். உயரத்தைக் கூட்டி இதனைச் சமாளிக்கலாம் என்றால், மேலே புள்ளிக்கும் இகரச் சுழிக்கும், கீழே உகரக் கீற்றுக்கும் ஏற்கனவே இடம் ஒதுக்கியாயிற்று. இத்தனை நெருக்கடிக்குள்ளும் படிக்கக்கூடிய கொட்டை எழுத்தை வெட்டித் தந்த பெயர் தெரியாத தச்சர்களையும் வார்ப்பட வேலைக்காரர்களையும் நம் இலக்கிய வரலாறுகள் ஓரிடத்திலும் குறிப்பிடாமல் விட்டிருப்பது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது. அவர்கள் கண்ட உபாயங்கள் நுட்பமானவை. நிற்கும் கோடுகளைத் தடிக்கவிட்டுப் படுக்கும் கோடுகளைச் சற்று மெலியவைத்தார்கள். வட்டச் சுழியை நெடுவட்டமாக்கினார்கள். புள்ளியை உயரே தூக்காமல் எழுத்தின் தோளிலேயே அமர்த்தினார்கள்.

இனி ரங்கூனுக்கு வருவோம். 1931ஆம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி அந்நகரில் வசித்த ஏறத்தாழ 4 லட்சம் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியர். மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள், துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் கூலியாட்கள், காரியாலயங்களில் குமாஸ்தாக்கள், தாமுவே போன்ற புறநகர்களில் குடும்பத்தோடு ஊன்றிவிட்டவர்கள் என்று தமிழர் சமூகம் பல படிகளாக விரிந்திருந்தது. ஏ. கே. செட்டியார் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்ததும், 1932இல் ரங்கூன் சென்று பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்த வெ. சாமிநாத சர்மா 1937 முதல் ‘ஜோதி’யை நடத்தியதும் இச்சமூகத்தின் நடுவேதான். ‘ரசிக ரஞ்சனி’, ‘தொண்டன்’ என்னும் ஏடுகளையும் ரங்கூன் தமிழர் படித்தார்கள். தமிழ் நாடகக் கம்பெனிகள் கப்பலேறி வந்து போயின. பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன், தம் இளமையில் எம். கந்தசாமி முதலியாரின் குழுவோடு ரங்கூனில் மேடையேறியவர்களில் ஒருவர். நாடகம் வந்தால் நோட்டீசு வேண்டும். கோயிலில் தீமிதி என்றால் நோட்டீசு வேண்டும். பொதுக்கூட்டம், புதுக் கடை, இரங்கற் கூட்டம் ஆகிய யாவற்றுக்கும் வேண்டும். படிக்கத் தெரிந்தவர் சிலரும் எழுத்துக்கூட்டுவோர் பலருமாக இருந்த ஜனங்களுக்குச் சிறிய எழுத்து பயன்படாது. பல மொழிகளின் அறிவிப்புகள் ஒரே சுவரில் போட்டியிட்ட அந்நகரத்தில், தம் லிபி இன்னதென்று நடைபோக்கிலேயே ஒருவன் கண்டுகொள்வதற்குக் கொட்டை எழுத்தைத் தவிர வேறு சாதனம் இருக்கவில்லை.

ஆனால் தமிழ் எழுத்து வார்ப்பகங்கள் சென்னையிலும் பம்பாயிலும் இருந்தன. ரங்கூன் அச்சகத்தாருக்கு அவை வங்கக் கடலுக்கு அப்பாற்பட்ட இடங்கள். உடைந்த ஒரு மகரத்துக்குப் பதில் மகரம் வரவேண்டுமானால் கடிதம் எழுதிக் கப்பலை எதிர்நோக்க வேண்டும். அதனால் உடைந்த எழுத்தும் உழைத்தது. ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கும் மேல் மழை பொழியும் நகரம் அது. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை காற்றில் ஈரம் வற்றுவதில்லை. மரத்துண்டு ஈரத்தில் ஊதும், வெயிலில் பிளக்கும். முகம் கோணினால் மை சீராக ஏறாது. பாரம் அச்சேறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாலும் சுழிகளின் மூலைகளில் மை காய்ந்து கல்லாகிவிடும். முதலில் முனைகள் மழுங்கும். பிறகு புள்ளி உதிரும். புள்ளி போன மெய்யை அகரமாகப் படித்துவிடாமல், வாசகன் சொல்லின் பழக்கத்தைக்கொண்டே சரிசெய்து படித்துக்கொண்டான். தடித்த பரப்பின் நடுவே வெள்ளை நரம்புகளாக ஓடும் கோடுகள் மரத்தின் நார். ஓரத்தில் கடித்தாற்போலத் தெரியும் குறைவு, எழுத்து தரையில் விழுந்த ஒரு நாளின் அடையாளம்.

பழைய நோட்டீசு ஒன்றை விரித்துவைத்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தவர்கள், அதில் இரண்டு முறை வரும் ஓரெழுத்தைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ககரங்கள் ஒரே அச்சகத்தில், ஒரே தொகுதியிலிருந்து வந்தவையாயினும் ஒன்றின் காயம் மற்றொன்றில் இராது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே தேய்ந்தது. அதே காயமுடைய ககரத்தை மற்றொரு நோட்டீசில் கண்டால், இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று கூறிவிடலாம். காயம் பெரிதாகியிருந்தால் எது முந்தியது, எது பிந்தியது என்பதும் விளங்கும். அச்சகத்தின் பெயரும் தேதியும் கிழிந்துபோன தாளையும் இவ்விதமாகக் காலவரிசையில் நிறுத்த முடியும். பர்மியத் தமிழரின் ஆவணங்கள் இரண்டு பேரழிவுகளைக் கடந்து வந்தவை என்பதை நினைக்கும்போது, தாமுவேயில் யார் வீட்டுப் பெட்டியிலாவது மடித்துக் கிடக்கும் ஒரு விழா அறிவிப்புக்கு எத்தனை மதிப்பு உண்டு என்பது விளங்கும்.

முதல் பேரழிவு 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது விழுந்த ஜப்பானியக் குண்டுகளோடு தொடங்கிற்று. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். அவர்களில் ஒருவரான சாமிநாத சர்மா அந்த நடையின் கதையை நூலாகவே எழுதிவைத்திருக்கிறார். நடந்து போகிறவன் உடுத்த துணியைச் சுமப்பான், குழந்தையைச் சுமப்பான். எழுத்துப் பெட்டியை யார் சுமக்க முடியும்? யுத்தம் முடிந்தபின் திரும்பியவர்களும் போகாமல் நிலைத்தவர்களும் மீண்டும் ஏடுகள் நடத்தினார்கள். 1950களின் ரங்கூன், தமிழ் அச்சுக்கு ஓரளவு தழைத்த காலமே. 1954இல் உலக பௌத்த மாநாட்டையொட்டிப் பெரியார் அங்கு வந்த சமயத்தில், அவர் 1935 முதல் தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்த எழுத்தை அறிந்த தமிழர் பர்மாவிலும் இருந்தனர். நாம் மேலே எண்ணிய 132இல் 7ஐ அச்சீர்திருத்தம் குறைத்துவிடுகிறது என்பதை, கொட்டை எழுத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் அச்சகத்தாரின் நிலையிலிருந்து பார்த்தால் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது பேரழிவு ஓசையின்றி வந்தது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டே அச்சகத்தாரையும் பதிப்பாளரையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின, அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதனவாயின, கப்பல் கப்பலாகத் தமிழர் வெளியேறினர். 1966இன் தொடக்கத்தோடு சீன மொழியிலும் இந்திய மொழிகளிலும் நாளேடுகள் வெளிவருவது நின்றது. ஏடு நின்றால் எழுத்து வாங்க யாரும் இல்லை. வாங்க யாரும் இல்லையென்றால் பெட்டியில் இருப்பதே கடைசி எழுத்து.

தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் கொட்டை எழுத்து அரியணை ஏறிக்கொண்டிருந்தது. 1942 நவம்பரில் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, நெடிய தடித்த தலைப்புகளைப் பத்தி பத்தியாக நிறுத்தி, டீக்கடை வாசலில் ஒருவர் உயர்த்திப் பிடித்தால் எதிர்ப்புறத்தில் நிற்பவரும் படிக்கும்படி செய்தது. சுவரொட்டியின் குரலை நாளேட்டுக்குள் கொண்டுவந்தது அவ்வேடு என்பேன். பின்னர் 1978இல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்று 13 எழுத்துகளின் உருவை மாற்றியபோது, பழைய மர எழுத்துத் தொகுதிகளில் பல துண்டுகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று. அடுத்து ஆஃப்செட் முறை வந்தது. மீதியும் அடுப்புக்கும் பழஞ்சரக்குக் கடைக்கும் சென்றது.

இப்போது கணினியில் அதே தேய்ந்த உருவத்தை வேண்டிச் செய்கிறார்கள். காப்பிக் கடையின் பெயர்ப்பலகையும் திரைப்படத் தலைப்பும் நூற்றாண்டுப் பழமையைக் காட்டும் கீறல்களோடு வருகின்றன. அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் ககரம் பத்து முறை வந்தால் பத்திலும் அதே இடத்தில் அதே கீறல் இருப்பதைக் காணலாம். காயப்பட்ட ஓரெழுத்தைப் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அணிவித்தது போன்றது அது. இதைக் காட்டிலும் கவலை தரும் விஷயம் வேறொன்று. ஒடுங்கிய எழுத்து வேண்டும் என்போர் சாதாரண எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நசுக்கிவிடுகின்றனர். அவ்வாறு நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து படுக்கும் கோடுகள் மட்டும் தடித்தபடியே நிற்கும். மரம் வெட்டிய தச்சன் செய்ததற்கு இது முற்றிலும் தலைகீழ். யாங்கூன் என்று இப்போது வழங்கும் ரங்கூனில் இன்று வினைல் துணியில் அச்சாகும் தமிழ் அறிவிப்புகளானாலும் சரி, சென்னையின் பதாகைகளானாலும் சரி, இந்தக் குறை கண்ணில் படாத நாள் இல்லை. நல்லவேளையாக, பம்பாயின் ஏக் டைப் குழுவினர் 2022இல் வெளியிட்ட ‘அனேக் தமிழ்’ என்னும் எழுத்துக் குடும்பத்தில், ஒடுங்கியது முதல் விரிந்தது வரையும், மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரையும் பல நிலைகளைச் சீர்தூக்கி அமைத்திருக்கிறார்கள். எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். அதில் ணகரத்தின் மூன்று சுழிகள் ஒடுங்கிய உருவிலும் மூன்றாகவே தெரிகின்றன.

மர எழுத்துக்கும் கணினிக்கும் இடையே, ஓவியர் கையால் எழுதிய தலைப்பைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பிளாக் செய்த ஒரு நீண்ட காலம் இருக்கிறது. பத்திரிகை அட்டைகளும் தொடர்கதைத் தலைப்புகளும் அதில்தான் உருப்பெற்றன. அடுத்த பகுதியில் அந்தப் பிளாக் தொழிலையும் அதனைச் செய்தோரின் முறைகளையும் காண்போம்.